அம்மாவுக்கு ஏன் இரண்டு சொல்? ஜப்பானிய உறவுமுறையைத் தமிழ் வழியே பழகுவோம்

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு, அது குடும்பம். புத்தகத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு படம் இருக்கும், ஆனால் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இரண்டிரண்டு சொல் எழுதியிருக்கும். அம்மா என்றால் ஹஹ, அம்மா என்றால் ஒகாஸன். அப்பா என்றால் சிச்சி, அப்பா என்றால் ஒதோஸன். ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் தொடக்க நிலை என்5க்குப் படிக்கிறவர்கள் இரண்டையும் உருப்போட்டு முடித்துவிடுவார்கள், ஆனால் வாயைத் திறக்கும்போது எதைச் சொல்வது என்று தெரியாது. பலர் ஆங்கில விளக்கத்தை வைத்துக்கொண்டு இதைப் படிப்பதுதான் சிக்கலுக்குப் பாதிக் காரணம் என்பேன். இந்தப் பாடத்துக்கு ஆங்கிலத்தை விடத் தமிழ் நல்ல துணை. தமிழோடு ஒட்டாத இடங்களும் உண்டு, அவை எவை என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் நம் எழுத்தில் ஒரு வசதிக் குறைவு இருக்கிறது. ஒகாஸன் என்று எழுதினால் நாக்கு தானாக அந்தக் ககரத்தை 'மகன்' போல மென்மையாக்கிவிடும். அப்படிச் சொல்லக் கூடாது, 'காலை' என்று தொடங்கும்போது வரும் வன்மையான 'கா' வேண்டும். ஒதோஸனில் வருவதும் 'தோட்டம்' என்பதன் 'தோ'. ஒபாஸனில் வரும் பகரமோ 'கோபம்' போல மென்மையானது. சிச்சியில் வருவது பச்சையின் சகரம்தான், ஆனால் அழுத்தாமல் ஒற்றையாகச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் தமிழ் எழுத்து காட்டாது, அதனால் 46 எழுத்துகள் கொண்ட ஹிரகனா என்ற ஜப்பானிய எழுத்துமுறையை எவ்வளவு சீக்கிரம் படிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நம் எழுத்து ஒரு இடத்தில் பெரிய உதவி செய்கிறது. குறில் நெடில் வேறுபாடு ஜப்பானியத்தில் உயிர்நாடி. ஒஜிஸன் என்றால் மாமா அல்லது சித்தப்பா, ஒஜீஸன் என்றால் தாத்தா. ஒபஸன் என்றால் அத்தை அல்லது சித்தி, ஒபாஸன் என்றால் பாட்டி. ஒரே ஒரு மாத்திரைதான் வித்தியாசம். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இதைக் காதில் பிடிக்கவே நாளாகும். படம் வேறு, பாடம் வேறு என்று பேசிப் பழகிய நமக்கு இது ஒன்றுமே இல்லை.

சரி, ஏன் இரண்டு சொல்? ஜப்பானியர்கள் பேசும்போது மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் 'உச்சி', அதாவது நம்மவர்கள், நம் வீடு. கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள் 'ஸொதொ'. என் வீட்டு ஆளைப் பற்றி வெளியாளிடம் பேசும்போது பணிவாக, மரியாதை ஒட்டு எதுவும் இல்லாமல் பேச வேண்டும். எதிரில் இருப்பவரின் வீட்டு ஆளைப் பற்றிப் பேசும்போது மரியாதை சேர்க்க வேண்டும். அந்த மரியாதைதான் முன்னால் வரும் 'ஒ' அல்லது 'கொ', பின்னால் வரும் 'ஸன்'. என் குடும்பம் கஸொகு, உங்கள் குடும்பம் கொகஸொகு. என் பெற்றோர் ரியோஷின், உங்கள் பெற்றோர் கொரியோஷின். என் மகன் முஸுகொ, உங்கள் மகன் முஸுகொஸன். என் மகள் முஸுமெ, உங்கள் மகள் முஸுமெஸன் அல்லது இன்னும் அழகாக ஒஜோஸன்.

ஒரு சின்ன உரையாடலில் பார்ப்போம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் உங்கள் அம்மாவைப் பற்றி விசாரிக்கிறார்: "ஒகாஸன் வ ஒகெங்கி தெஸு க?" அம்மா நலமா என்பது பொருள். நீங்கள் சொல்ல வேண்டிய பதில்: "ஹை, ஹஹ வ கெங்கி தெஸு." கவனித்தீர்களா, ஒகாஸன் என்பது ஹஹ ஆனதோடு நிற்கவில்லை, ஒகெங்கி என்பதிலிருந்த 'ஒ'வும் உதிர்ந்து வெறும் கெங்கி ஆகிவிட்டது. கேட்டவர் உங்கள் அம்மாவின் உடல்நலத்துக்கும் சேர்த்து மரியாதை கொடுத்தார், நீங்கள் அதைத் திருப்பி உங்கள் அம்மாவுக்கே சூட்டிக்கொள்ளக் கூடாது. அடுத்த நிமிடம் நீங்கள் அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டால் அப்போது அவர் ஒகாஸன், உங்கள் வாயிலிருந்து ஒகெங்கி.

நம் ஊர்க்காரர்கள் உண்மையாகவே தடுமாறும் இடம் இதுதான். தமிழில் அப்பாவைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'அப்பா வந்திருக்கார்', 'அம்மா சொன்னாங்க' என்றுதான் வரும், வெளியாளிடம் பேசுகிறோம் என்பதற்காக அப்பாவின் மரியாதையைக் குறைத்துவிட மாட்டோம். அதனால் சிச்சி என்று ஒட்டெல்லாம் கழற்றிய சொல்லைச் சொல்லும்போது அப்பாவை அவமதிப்பது போல உள்ளுக்குள் ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஜப்பானியக் காதுக்கு அது அப்பாவைக் குறைப்பதாகக் கேட்காது, எதிரில் இருப்பவரை மதிப்பதாகத்தான் கேட்கும். இதே விதி கம்பெனிக்கும் பொருந்தும். வாடிக்கையாளரிடம் பேசும் ஊழியர் தன் மேலாளரையே ஸன் சேர்க்காமல் வெறும் 'தனகா' என்று சொல்வார், ஏனென்றால் அந்த நேரத்தில் கம்பெனி முழுவதும் உச்சி. குடும்பப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்குப் பின்னால் வரும் மரியாதை மொழிப் பாடம் பாதி சுலபமாகிவிடும்.

சின்னப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒகாஸன், ஒதோஸன் என்றே சொல்வார்கள், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்துகொண்டு "என் ஒகாஸன்" என்றால் ஆள் இன்னும் வளரவில்லை என்று தோன்றிவிடும்.

வீட்டுக்குள் கதை தலைகீழ். அம்மாவை நேரில் ஹஹ என்று யாரும் கூப்பிடுவதில்லை, அங்கே ஒகாஸன்தான், அல்லது செல்லமாக ஒகாச்சன், அல்லது மாமா. ஆம், ஜப்பானியக் குழந்தை "மாமா" என்று அழுதால் அது அம்மாவைத் தேடுகிறது, அப்பாவுக்குப் பாபா. ஆக ஹஹ, சிச்சி, அனி (அண்ணன்), அனெ (அக்கா) எல்லாம் ஒருவரைப் பற்றிப் பேசும் சொற்கள், கூப்பிடும் சொற்கள் அல்ல. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீரும்.

ஹஹ என்ற சொல்லைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு, சொல்லாமல் போக மனமில்லை. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கொ-நாரா பேரரசர் பெயரில் ஒரு விடுகதைத் தொகுப்பு இருக்கிறது. அதில் ஒரு விடுகதை: அம்மாவை இரண்டு முறை சந்திக்கிறது, அப்பாவை ஒரு முறைகூடச் சந்திப்பதில்லை, அது என்ன? விடை, உதடு. இன்றைக்கு ஹஹ என்று சொல்லிப் பாருங்கள், உதடு எங்கும் சேராது. அப்படியானால் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை உதடுகள் இரண்டு முறை நெருங்கும்படி, ஏறக்குறைய 'ஃபஃப' என்று சொல்லியிருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் இதை வைத்து விளக்குகிறார்கள். சிச்சியில் அன்றும் இன்றும் உதட்டுக்கு வேலை இல்லை. ஒகாஸன், ஒதோஸன் இரண்டும் நாடு முழுக்கப் பொதுச் சொற்களாக ஆனது ரொம்பப் பின்னால்தான், 1904இல் பள்ளிகளுக்கு வந்த அரசுப் பாடநூல்கள் அவற்றைப் பரப்பின.

அடுத்து உடன்பிறந்தவர்கள். ஆங்கில வழியில் படிக்கிறவர் இங்கே 'வயதில் பெரிய சகோதரர்', 'வயதில் சிறிய சகோதரர்' என்று சுற்றி வளைத்து மனப்பாடம் செய்வார். உங்களுக்கு அது தேவையே இல்லை. அனி என்றால் அண்ணன், அனெ என்றால் அக்கா, ஒதோதொ என்றால் தம்பி, இமோதொ என்றால் தங்கை. அவ்வளவுதான். நமக்கு நாலு சொல் என்றால் அவர்களுக்கும் நாலு சொல், மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் பேச்சே நகராது. அடுத்த வீட்டு அண்ணன் ஒனீஸன், அக்கா ஒனேஸன், தம்பி ஒதோதொஸன், தங்கை இமோதொஸன்.

அனியும் அண்ணனும் ஒலியில் நெருங்கி வருகிறதே, இரண்டு மொழிக்கும் உறவு இருக்குமோ என்று கேட்கத் தோன்றும். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஓனோ ஸுஸுமு என்ற ஜப்பானிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வரலாறு எப்படியோ இருக்கட்டும், அண்ணனுக்கு அனி என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்ள அந்த ஒலி ஒற்றுமை தாராளமாகப் பயன்படும்.

எண்ணிக்கையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உடன்பிறப்புகளுக்குப் பொதுச்சொல் கியோதை. எழுதும்போது அண்ணன், தம்பி என்ற இரண்டு கஞ்சி எழுத்துகளை (சீனாவிலிருந்து வந்த சொல்லெழுத்துகள்) சேர்த்து எழுதுவார்கள், ஆனால் பேச்சில் அக்கா தங்கைகளும் அதில் அடக்கம். "கியோதை க ஃபுதரி இமஸு" என்றால் எனக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர். "ஸன்னின் கியோதை தெஸு" என்றால் என்னையும் சேர்த்து மூன்று பேர். இரண்டு வாக்கியமும் ஒரே வீட்டைத்தான் சொல்கின்றன. ஜப்பானியர் பலரும் இரண்டாவது மாதிரிதான் சொல்வார்கள், 'நாங்க மூணு பேரு' என்று நாம் சொல்வது போலத்தான். அப்புறம் எத்தனையாவது பிள்ளை என்பதற்கும் தனிச்சொல் உண்டு: மூத்த மகன் சோனன், மூத்த மகள் சோஜொ, இரண்டாவது மகன் ஜினன், இரண்டாவது மகள் ஜிஜொ, கடைக்குட்டி ஸுஎக்கொ, ஒற்றைப் பிள்ளை ஹிதொரிக்கொ. இச்சிரோ, ஜிரோ, ஸபுரோ என்ற பழைய பெயர்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையே ஒளிந்திருக்கிறது.

இதுவரை தமிழ் கைகொடுத்தது. பெற்றோரின் உடன்பிறப்புகள் பக்கம் போனால் ஜப்பானியம் நம்மைச் சோம்பேறியாக்கிவிடும் என்றே சொல்லலாம், ஏனென்றால் நம்மிடம் இருக்கும் அளவுக்கு அங்கே சொற்கள் இல்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவருமே ஒஜி. பெரியம்மா, சித்தி, அத்தை மூவருமே ஒப. அப்பா வழியா அம்மா வழியா என்று பேச்சில் பிரிப்பதில்லை. எழுத்தில் மட்டும் ஒரு பிரிவு உண்டு. பெற்றோருக்கு மூத்தவரான ஒஜிக்கு ஒரு கஞ்சி, இளையவரான ஒஜிக்கு வேறு கஞ்சி, படிக்கும் ஒலி ஒன்றே. பெரியப்பாவையும் சித்தப்பாவையும் கண் பிரிக்கிறது, காது பிரிப்பதில்லை. ஒபவுக்கும் இதே கதை.

அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் இதொகொ. நமக்குச் சித்தப்பா மகன் தம்பி, மாமா மகன் மச்சான் அல்லது அத்தான், இரண்டு உறவுக்கும் நடுவே பெரிய மதில் இருக்கிறது. ஜப்பானியத்தில் அந்த மதில் இல்லை. இதனால் ஒரு சங்கடம் வரும்: சித்தப்பா மகனை நினைத்துக்கொண்டு நீங்கள் ஒதோதொ என்றால், கேட்பவர் கூடப் பிறந்த தம்பி என்றே எடுத்துக்கொள்வார். இதொகொ என்று சொல்லிப் பழகுங்கள். கல்யாண முறையிலும் கோடு வேறு இடத்தில் விழுகிறது. ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 734ஆவது பிரிவு மூன்றாம் படி (பொது மூதாதை வழியாக எண்ணும் தலைமுறைப் படி) வரையிலான இரத்த உறவில் திருமணத்தைத் தடுக்கிறது. இதொகொ நாலாம் படி என்பதால் எந்த வழி இதொகொவானாலும் சட்டம் தடுப்பதில்லை, ஆனால் தாய்மாமன் மூன்றாம் படி, அவரைக் கட்டிக்கொள்ள முடியாது. அக்கா மகளை மாமன் கட்டும் வழக்கம் நம் பக்கம் பல சமூகங்களில் இருந்தது என்று சொன்னால் ஜப்பானியர்கள் அசந்துபோவார்கள்.

கணவன் மனைவிச் சொற்களில் இன்று ஜப்பானியர்களே கொஞ்சம் தடுமாறுகிறார்கள். என் கணவர் ஒத்தொ அல்லது ஷுஜின், உங்கள் கணவர் கொஷுஜின். என் மனைவி த்ஸும அல்லது கனை, உங்கள் மனைவி ஒகுஸன். ஷுஜின் என்றால் எஜமான், கனை என்றால் வீட்டுக்குள் இருப்பவள், ஒகுஸனிலும் வீட்டின் உள்பகுதிதான் இருக்கிறது. நம் 'வீட்டுக்காரர்', 'இல்லாள்' எல்லாம் வந்த அதே வழி. இளையவர்கள் பலர் தங்கள் துணையைச் சொல்லும்போது ஒத்தொ, த்ஸும என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், கனை இப்போது பெரும்பாலும் வயதான ஆண்கள் வாயில்தான் கேட்கும். ஆனால் எதிரில் இருப்பவரின் கணவரைச் சொல்ல எல்லோரும் ஏற்கும் புதுச்சொல் இன்னும் நிலைக்கவில்லை, அதனால் கொஷுஜினே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் படிக்கிறவருக்கு என் யோசனை: சொந்தத் துணைக்கு ஒத்தொ, த்ஸும, அடுத்தவர் துணைக்குக் கொஷுஜின், ஒகுஸன்.

மாமியாருக்கு ஷூதொமெ என்று ஒரு சொல் உண்டு. அதை முகத்துக்கு நேரே சொல்வதில்லை, சொன்னால் வீட்டில் புயல்தான். கூப்பிடும்போது மாமியாரும் ஒகாஸன், மாமனாரும் ஒதோஸன். எழுதும்போது மட்டும் சிலர் முறை உறவைக் காட்டும் ஒரு கஞ்சியைச் சேர்த்து எழுதிவிட்டு, படிக்கும்போது ஒகாஸன் என்றே படிப்பார்கள். வெளியாளிடம் 'கிரி நோ ஹஹ' என்றால் தெளிவாகிவிடும், அண்ணிக்கும் மைத்துனருக்கும் இதே 'கிரி நோ' உதவும்.

மருமகன் முகொ. இதிலிருந்து வரும் முகொயோஷி என்ற சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மகளைக் கட்டிக்கொடுத்து, மருமகனைத் தத்தெடுத்து, குடும்பப் பெயரையும் தொழிலையும் அவரிடமே ஒப்படைக்கும் முறை அது. வீட்டோடு மாப்பிள்ளை என்ற நம் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் கேலி இதில் அவ்வளவாக இல்லை, பெரிய தொழில் குடும்பங்கள் திறமையான ஆளைத் தேடிப் பிடித்து இப்படிச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. மாருதி வழியாக இந்தியாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒஸமு ஸுஸுகி பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் மத்ஸுத. 1958இல் ஸுஸுகி குடும்பத்துப் பெண்ணை மணந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, பிறகு பல பத்தாண்டுகள் அந்த நிறுவனத்தை நடத்தி, 2024 டிசம்பரில் காலமானார்.

வீட்டுக்குள் கூப்பிடும் முறையில் இன்னொரு அழகு இருக்கிறது, தமிழர்களுக்கு அது உடனே புரியும். வீட்டில் இருப்பதிலேயே சின்னக் குழந்தையின் கண்ணால் பார்த்துத்தான் எல்லோருக்கும் பெயர் வைக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் மனைவி கணவனை ஒதோஸன் என்று கூப்பிட ஆரம்பிப்பாள், மாமனாரை ஒஜீச்சன் என்பாள். இதை ஸுஸுகி தகஓ என்ற மொழியியலாளர் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்பா குழந்தையிடம் தன்னைப் பற்றிப் பேசும்போதும் நான் என்று சொல்வதற்குப் பதில் "ஒதோஸன் க யரு யொ" என்பார், 'அப்பா செய்றேன்' என்று நாம் சொல்லும் அதே வாக்கியம். இரண்டாவது குழந்தை வந்துவிட்டால் அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட மூத்த பையனை அம்மாவே ஒனீச்சன் என்பாள், அவன் பொம்மைக்கு அழுதால் "ஒனீச்சன் நன் தகர, கமன் ஷினஸை" என்று கேட்கும். நீ அண்ணன்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள். எந்தத் தமிழ் வீட்டில் இது கேட்காமல் இருக்கிறது?

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். உறவுச் சொல்லால் கூப்பிடுவது மேல்நோக்கி மட்டும்தான். அண்ணனை ஒனீச்சன் என்று கூப்பிடலாம், தம்பியை ஒதோதொ என்று கூப்பிட முடியாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மகனைக் கண்ணே மகனே என்பது போல முஸுகொ என்று விளிப்பதும் கிடையாது. டீக்கடைப் பையனைத் தம்பி என்று கூப்பிடும் பழக்கம் நமக்கு உடம்போடு ஒட்டியது. ஜப்பானில் அறிமுகமில்லாத இளைஞனைக் கூப்பிட வேண்டுமானால் அறுபது வயதுக்காரரும் ஒனீஸன் என்பார். சந்தைக் கடைக்காரர் நடுவயதுப் பெண்ணைக்கூட ஒனேஸன் என்று கூப்பிட்டு வியாபாரத்தைத் தொடங்குவார். ஒபஸன் என்று அறிமுகமில்லாத ஒரு பெண்ணை நீங்களாகக் கூப்பிட்டுவிடாதீர்கள், முப்பது வயதுக்காரரை ஆன்டி என்று கூப்பிட்டால் இங்கே என்ன முகம் வருமோ அதே முகம் அங்கேயும் வரும். பேசத் தொடங்க "ஸுமிமஸென்" (மன்னிக்கணும்) என்ற ஒரு சொல் போதும், அதற்கு வயது உறவு எதுவும் தேவையில்லை.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் சொந்தக் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்து ஒவ்வொருவரையும் வெளியாளிடம் அறிமுகம் செய்வது போல வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஹஹ, சிச்சி, அனெ, ஸொஃபு, ஸொபொ. கடைசி இரண்டும் என் தாத்தா, என் பாட்டி. பிறகு ஒரு நண்பரின் குடும்பத்தை எடுத்துக்கொண்டு அவரிடமே கேட்பது போலக் கேள்வியாகச் சொல்லுங்கள்: ஒகாஸன், ஒதோஸன், ஒனேஸன், ஒஜீஸன், ஒபாஸன். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்போடாதீர்கள், கலந்துவிடும். மூன்றாவதாக வீட்டில் எல்லோரையும் ஜப்பானியத்தில் கூப்பிட்டுப் பாருங்கள், தம்பி தங்கைகளை மட்டும் பெயர் சொல்லி.